ரேஷன் கார்டும் ஒரு பித்தப்பையும்

ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நான் முதலில் ரேஷன் கார்டு என்றுதான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். வேலைக்குப் போகாத என் மனைவிக்கும் ஒரு அட்டை வந்தது, அவளுக்கென்று தனியாக எதுவும் பிடிக்கவில்லை. இதைப் பார்க்கும் தமிழ்நாட்டுக்காரன் வேறு என்ன முடிவுக்கு வருவான்? குடும்பத் தலைவன் பேரில் கணக்கு. பெயர் இருந்தால் சர்க்கரை உண்டு. பெயர் இல்லையா, அலுவலகத்துக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டால் போயிற்று. திருச்சியில் எங்கள் வீட்டுக் கார்டில், கல்யாணமாகி பம்பாய்க்குப் போய்விட்ட அத்தையின் பெயர் வருஷக்கணக்கில் இருந்தது. அவர் பங்குச் சர்க்கரையில் காபி குடித்துத்தான் நான் இன்ஜினீயரிங் படித்தேன். அரசாங்கம் அட்டை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதில் யார் பெயர் இருக்கலாம் என்பது குடும்பத் தலைவரின் பெருந்தன்மையைப் பொறுத்தது என்பது என் ரத்தத்தில் ஊறிய அரசியல் சாசனம்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. கம்ப்யூட்டர் படித்தவர்கள் போதவில்லை என்று ஜெர்மனி கிரீன் கார்டு கொடுத்துக் கூப்பிட்டது. அப்படிக் கூப்பிடப்பட்டவர்களில் நானும் ஒருவன். பிராங்பர்ட்டில் ஒரு வங்கிக்கு, யாரும் படிக்காத அறிக்கைகளை வேகமாக அச்சடிக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். எங்களை நாடே வருந்தி அழைத்தது என்ற செய்தியை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரியாணிக்கு நடுவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். கேட்க வேறு ஆள் இல்லை.

எங்கள் கட்டடத்தின் உச்சியில், கூரை சரிந்து தலையில் இடிக்கும் ஓர் அறையில், ஈக்வடாரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தியது மரவள்ளிக் கிழங்கு. ரயில் நிலையத்துக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மளிகைக் கடை. கொத்தமல்லித் தழை, வாழைக்காய், மரவள்ளி என்று நமக்கு வேண்டியதெல்லாம் தென் அமெரிக்காக்காரர்களுக்கும் வேண்டும் என்பதை அந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை, கூடையில் மிஞ்சியிருந்த ஒரே கிழங்கின் ஒரு முனையை என் மனைவியும் மறுமுனையை இந்தப் பெண்ணும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைக்கார அண்ணை கத்தியோடு வந்தார்.

"ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்துகொண்டு ஏன் சண்டை பிடிக்கிறியள்? விடுங்கோ, பாதியா வெட்டித் தாறன்."

உண்மையிலேயே ஒரே உயரம், ஒரே நிறம், அதே கறுத்த பின்னல். கிழங்கு பாதியானது, சிநேகிதம் முழுசாயிற்று. இருவருக்கும் தெரிந்த ஜெர்மன் ஒரு கைப்பிடிதான். அதை வைத்துக்கொண்டு எங்கள் சமையலறையில் மணிக்கணக்கில் பேசினார்கள். நான் வங்கியில் நாள் முழுக்க ஜெர்மன் கேட்டும் எனக்கு அந்தச் சரளம் வரவில்லை.

அவர் வந்தபோது ஈக்வடார்க்காரர்களுக்கு விசா தேவையில்லை. சுற்றுலாப் பயணியாக வந்தார், சுற்றிப் பார்க்காமல் வேலைக்குப் போனார், திரும்பவில்லை. விடியற்காலையில் ஓர் எலும்பு மருத்துவரின் கிளினிக்கைத் துடைப்பது அவர் வேலை. ஒப்பந்தக்காரன் ஒருவன் கையில் கொடுப்பதுதான் கூலி. ஊரே முழங்கால் வலிக்கு வந்து போகும் அந்தக் கிளினிக்கின் சாவி அவரிடம் இருந்தது. தரையைத் தொடலாம், மேஜையைத் தொடலாம், எக்ஸ்ரே இயந்திரத்தின் மேல் படிந்த தூசியைக்கூடத் தொடலாம். மருத்துவர் மட்டும் அவரைத் தொட்டுப் பார்க்க மாட்டார், ஏனென்றால் அட்டை இல்லை. நாகரிகம் என்பதை இதைவிடச் சுத்தமாகத் துடைத்து வைக்க முடியாது.

வலது விலாவுக்குக் கீழே வலி அவருக்கு ஒரு கோடையில் தொடங்கியது. பொரித்ததைத் தின்றால் சுருண்டுவிடுவார். பித்தப்பையில் கல் என்று, விடுமுறைக்கு ஊர் போகும் யாரோ ஒருவரோடு, தன் காசில் எடுத்த ஸ்கேன் படத்தை அவர் அனுப்ப, அதைப் பார்த்து அவருடைய ஊரான குவாயாக்கில் நகரத்து மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும் என்றும் சொல்லியிருந்தார். ஊருக்குப் போய் எடுத்துக்கொண்டால் திரும்பி வர முடியாது. இப்போது விசா வேண்டும். அங்கே அவர் அனுப்பும் பணத்தில் கல்லூரிக்குப் போகும் மகள் ஒருத்தி. இங்கே இருந்தபடியே, பிடிபடாமல், அந்தப் பை வெளியே வர வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

தனியார் காப்பீட்டுக்குப் போன் செய்து பார்த்தாராம். குடியிருப்பு அனுமதியின் நகல் கேட்டார்கள். அனுமதிக்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். வேலை ஒப்பந்தத்துக்கு அனுமதி வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஏற்கெனவே நோய் இல்லாத உடம்பு வேண்டும். அவர் போகும் மாதா கோயிலின் ஸ்பானிஷ் பூசையில் பாதிப் பேருக்கு இதே கதை. ஸ்பெயினிலிருந்து வந்தவருக்கு அட்டை உண்டு. அதே ஜெபத்தை அதே மொழியில் சொல்லும் பெரு நாட்டுக்காரிக்கும் கொலம்பியாக்காரிக்கும் இல்லை. அவர்கள் ஊரிலிருந்து வரும் மாத்திரைகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வயிற்று வலிக்காரிக்கு ரத்த அழுத்த மாத்திரை வந்து சேர்வதும் உண்டு.

இதை எங்கள் பிரியாணிச் சபையில் ஒருநாள் வைத்தேன். சபை கையைக்கூடக் கழுவாமல் தீர்ப்புச் சொன்னது.

"நாம டாக்ஸ் கட்றோம் பாஸ். அவங்க இல்லீகல். நம்ம பேரையும் சேர்த்துல்ல கெடுக்கிறாங்க," என்றார் ஒரு நண்பர். இவர்தான் போன மாதம் ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்தபோது, இருப்பதிலேயே மலிவான பயணக் காப்பீட்டை எடுத்து, "சர்க்கரை நோய் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டவர். அந்த அம்மா அடுத்த அறையில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்கார அண்ணையிடம் கேட்டேன். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து.

"அசூல் அடிக்கச் சொல்லுங்கோ தம்பி, அகதியெண்டு பதியச் சொல்லுங்கோ. நாங்களும் அப்பிடித்தானே வந்தனாங்கள். சோஷியல் கந்தோரில துண்டு தருவினம், டொக்டரிட்டப் போகலாம்."

"அண்ணை, அவங்க நாட்டுல சண்டை இல்லையே."

"சண்டையில்லாத நாடும் ஒரு நாடோ! ஒரு சண்டையைச் சொல்லச் சொல்லுங்கோ."

சமூக உதவி அலுவலகம் என்ற பேச்சை எடுத்தாலே அந்தப் பெண்ணின் முகம் மாறிவிடும். அங்கே போய்ச் செலவைக் கேட்டால் அவர்கள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும், அதுதான் சட்டம். வைத்தியத்துக்கு வழியுண்டு, ஆனால் அந்த வழி விமான நிலையத்தில் போய் முடியும்.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த குடும்பத் தலைவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு பெயரைச் சேர்ப்பதற்கா இவ்வளவு அழுகை? யாரிடமும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்ட ஓர் அம்மணி உட்கார்ந்திருந்தார். என் அட்டையை மேஜையில் வைத்து, குடும்பக் காப்பீட்டில் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"வாழ்த்துகள். குழந்தையா?"

"இல்லை. நாற்பது வயது. என் மாமன் மகள்."

"மனைவியையும் பிள்ளைகளையும்தான் சேர்க்கலாம்."

இதற்குத் தயாராகவே போயிருந்தேன். "எங்கள் பக்கத்தில் மாமன் மகள் என்றால் மனைவி மாதிரிதான். கட்டிக்கொள்ளும் முறை."

அம்மணி திரையைப் பார்த்தார். "மனைவி மாதிரியா? உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி பதிவாகியிருக்கிறாரே."

"அவர் மாமன் மகள் இல்லை."

"சரி. இந்த இன்னொருவர் பிறந்த ஊர்?"

"குவாயாக்கில்."

"அது இந்தியாவில் எங்கே இருக்கிறது?"

"தெற்கே," என்றேன். பொய்யில்லை. தெற்கேதான் இருக்கிறது, கொஞ்சம் மேற்காக.

அம்மணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அவர் இப்போது எங்கே காப்பீடு செய்திருக்கிறார்?" என்று கேட்டார்.

"எங்கும் இல்லை."

"எங்குமே இல்லையா?" என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு கையை மேஜை இழுப்பறைக்குள் விட்டார்.

வங்கிக் கொள்ளைப் படங்கள் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த இழுப்பறைக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: சிவப்புப் பொத்தான். அழுத்தினால் போலீஸ். எழுந்தேன், நடந்தேன், கதவைத் தாண்டியதும் ஓடினேன். பின்னால் அம்மணி என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஜெர்மன் வாயில் என் பெயர் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல ஒலித்தது. லிப்டில் ஏறினால் நடுவில் நிறுத்திவிடுவார்கள் என்று படிக்கட்டில் இறங்கினேன். டிராம் நிறுத்தத்தில் மூச்சு வாங்கும்போதுதான் தெரிந்தது, என் அட்டை மேஜையிலேயே இருக்கிறது. பெயர், எண் எல்லாம் அதில் இருக்கிறது. துப்பறிபவருக்கு வேலையே வைக்காத குற்றவாளி நான்.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்த சமயம் வேறு. நாடே வருந்தி அழைத்த நிபுணர், மாடியில் வெளிநாட்டவரை ஒளித்து வைத்த குற்றத்துக்காக வெளியேற்றப்படும் காட்சி கண்முன் ஓடியது. அந்தப் பெண் வாடகை கட்டித் தன் அறையில் இருக்கிறார், நான் யாரையும் ஒளித்து வைக்கவில்லை என்பது என் மூளைக்கு உறைக்கவே இல்லை. வாசல் மணியின் கம்பியைப் பிடுங்கினேன். மனைவி கேட்டதற்கு, ஷாக் அடிக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை நான் உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்தேன். பயமும் ஒரு நோய்தானே. மாடிப் பெண் கீழே வந்து மனைவியோடு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கதவைக் கையால் தட்டும் சத்தம். துவாரம் வழியாகப் பார்த்தேன். தலை முதல் கால் வரை கறுப்பு உடை, நெஞ்சில் இரண்டு வரிசையாய்த் தங்க நிறப் பொத்தான்கள்.

சமையலறைக்குப் பாய்ந்து அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக் குளியலறைக்குள் தள்ளினேன். அவர் கையில் கத்தி இருந்ததையும் அப்போது நான் கவனிக்கவில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"போலீஸ்டி!"

கதவைத் திறந்தேன். கறுப்புடைக்காரர் மலர்ந்த முகத்தோடு, கேஸ் ஹீட்டரின் புகையை அளக்க வந்திருப்பதாகச் சொன்னார். புகைபோக்கி பார்க்கும் ஆள். வருடாவருடம் வருவார். வரும் நாளை ஒரு வாரம் முன்பே மாடிப்படியில் ஒட்டியிருந்தார்கள். ஜெர்மனில் இருந்ததால் நான் படிக்கவில்லை. ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கே இருக்கும்? குளியலறையில்.

அவர் கதவைத் திறந்தார். குளியல் தொட்டியின் விளிம்பில், கையில் கத்தியும் பாதி உரித்த வாழைக்காயுமாக ஈக்வடார் உட்கார்ந்திருந்தது.

"வணக்கம்," என்றார் அவர்.

"வணக்கம்," என்றார் இவர்.

"இவர் என் மாமன் மகள். மதுரை," என்றேன் நான். யாரும் கேட்கவில்லை.

மனிதர் ஹீட்டரில் குழாயைச் செருகி, கருவியைப் பார்த்து, எதையோ குறித்துக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் பெண் எழுந்து அவருடைய ஒரு பொத்தானை விரலால் தொட்டு முறுக்கினார். புகைபோக்கிக்காரரின் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது இங்கத்திய நம்பிக்கை. அந்தக் கறுப்புச் சட்டையில் அதிர்ஷ்டம் பார்த்தவர் அவர், போலீஸ் பார்த்தவன் நான். மனிதர் சிரித்து, எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சிரிப்புதான். மனைவி சுவரில் சாய்ந்து சிரித்தாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் விலாவைப் பிடித்தார். முகம் சாம்பலாகியது. பிறகு வந்த சத்தம் சிரிப்பு இல்லை. வாந்தி எடுத்தார், தரையிலேயே சுருண்டார். நான் ஆம்புலன்ஸ் என்றேன். அவர் தலையை ஆட்டி, என் கையிலிருந்த போனைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பயந்த மூளை சும்மா இருக்காது. அலமாரியைத் திறந்து என் மனைவியின் அட்டையை எடுத்து வந்தேன். அந்தக் காலத்து அட்டையில் போட்டோ கிடையாது. ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே பின்னல். ஜெர்மன்காரனுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

"இதைக் கொண்டுபோகட்டும். ஒருநாள் நீயா இருந்துட்டு வரட்டும்," என்றேன்.

மனைவி அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

"இருந்துட்டு வந்து? என் பேர்ல பித்தப்பையை எடுத்துடுவாங்க. நாளைக்கு எனக்கு வயித்த வலி வந்து போனா, 'உங்களுக்குப் பித்தப்பையே இல்லம்மா, போன வருஷமே எடுத்தாச்சு'ன்னு திருப்பி அனுப்புவான். என் பித்தப்பையைத் தானம் பண்ண நீங்க யாரு?"

"அவசரத்துக்கு..."

"அவசரம் அவளுக்கு. பயம் உங்களுக்கு. உங்க கார்டு எங்க? அதைக் காணோமே ரெண்டு நாளா?"

சொன்னேன். வேறு வழியில்லை. மாமன் மகள், குவாயாக்கில், சிவப்புப் பொத்தான், படிக்கட்டு எல்லாம் சொன்னேன். மனைவி ஈரத்துணியால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பொழுது சாயும்போது வலி அடங்கியது. அடுத்த முறை அடங்காது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் காலை மனைவி சேலைக்கு மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கிளைக்குத் தனியாகப் போனாள். நான் ஜன்னலருகே, கீழே நிற்கும் எந்த வண்டியாவது போலீஸ் வண்டியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பால் வண்டிகூடச் சந்தேகமாக இருந்தது. மதியத்துக்கு முன் வந்தவள் என் அட்டையை மேஜையில் போட்டாள்.

"உங்க புருஷன் நல்லா ஓடறார்னு சொன்னாங்க அந்தம்மா."

"போலீஸ்?"

"அந்தம்மாவுக்கு வேற வேலை இல்லையா? இன்ஷூரன்ஸ்காரிக்குப் போலீஸ்கிட்ட போறது வேலையே இல்லையாம். டிராயர்ல கை விட்டது அட்ரஸ் எடுக்க. கார்டு இல்லாதவங்களுக்குன்னே ஒரு டாக்டர் பார்க்கிறாராம். பேர் கேக்க மாட்டாராம். ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லக் கூடாதாம், அதான் குரலைத் தாழ்த்தினாங்களாம். அட்ரஸையும் கார்டையும் தூக்கிட்டு உங்க பின்னாடியே மாடிப்படி வரைக்கும் ஓடி வந்தாங்களாம். உங்களைப் பிடிக்க முடியலையாம்."

செவ்வாய்க்கிழமை கையில் வந்திருக்க வேண்டிய முகவரி அது. எதிரில் இருந்த பெரிய மனிதர் ஓடிவிட்டதால் வெள்ளிக்கிழமை வந்தது. நடுவில் ஒரு வியாழக்கிழமையை அந்தப் பெண் என் குளியலறைத் தரையில் கழித்தார்.

ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கட்டடத்தின் கீழறை அது. மூவருமாகப் போனோம். பெஞ்சு முழுக்க ஆட்கள், பாதிப் பேர் பேசியது ஸ்பானிஷ். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். எலும்பு மருத்துவரின் கிளினிக்கில் இருப்பதுபோலப் பளபளப்பான பத்திரிகைகள் இல்லை. ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். எந்தப் பெயரில் எழுதட்டும் என்று கேட்டார். விருப்பமான பெயரைச் சொல்லலாம் என்றும் சொன்னார். அந்தப் பெண் சற்று யோசித்து, தன் சொந்தப் பெயரைச் சொன்னார். மருத்துவர் ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்து, ஒரு கட்டில் வேண்டும் என்று யாரையோ அதட்டினார். நான் மூன்று பேரின் குளிர்கோட்டுகளையும் சுமந்துகொண்டு வாசலில் நின்றேன். அந்தக் கதை முழுக்க நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

அடுத்த வாரம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு மருத்துவமனையில் பித்தப்பையை எடுத்தார்கள். சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. செலவை அந்தக் கீழறையை நடத்தியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். போலீஸ் வரவில்லை. அவர் படுத்திருந்தபோது ஒப்பந்தக்காரன் கிளினிக் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டான். குணமானதும் ஒரு பல் மருத்துவமனையைத் துடைக்கப் போனார். மகள் படித்து முடித்த பிறகு ஊருக்குத் திரும்பினார். அதுவரைக்கும் அவருக்குக் காப்பீட்டு அட்டை கிடைக்கவில்லை.